தொப்பிக்குள்ளே பொடுகு

பொடுகு உள்ளவன் உலகத்தில் எத்தனையோ தொழில் செய்யலாம். மாவு அரைக்கலாம், சுண்ணாம்பு விற்கலாம். றில்வான் பதுளைக் கடைத்தெருவில் அபாயாக் கடை வைத்திருந்தான். முந்நூறு அபாயா, பெண்கள் உடுப்புக்கு மேலே அணியும் நீள அங்கி. முந்நூறும் கறுப்பு.

அவன் குனிந்து ஒரு மடிப்பை விரித்தால் போதும், துணியில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக விழும். ஒருநாள் ஒரு பெண்மணி, "இந்த வெள்ள வேல போட்டது நல்லா இருக்கே" என்று ஆசையாகத் தடவிப் பார்த்தார். வேலைப்பாடு அவர் விரலோடு வந்துவிட்டது.

பொடுகுக்கு மருந்து சொல்லத் தெரியாத மனிதர் பதுளையில் இல்லை. மீன் கடைக்காரர் சின்ன வெங்காயம் என்றார். பசறை பஸ் நடத்துனர் சில்லறை கொடுத்தபடியே வேப்பெண்ணெய் என்றார். தேசிக்காய், வெந்தயம், புளித்த தயிர் என்று றில்வானின் தலை ஒரு சமையலறையாகவே இருந்தது. வெங்காயம் தேய்த்த வாரத்தில் அரிப்பு போகவில்லை, வாடிக்கையாளர்கள் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அவன் இறுக்கமாகப் பின்னிய வெள்ளைத் தொப்பி ஒன்றை வாங்கித் தலையில் அமுக்கினான். பொடுகு தொப்பிக்குள்ளேயே நின்றது. அரிப்பு இரண்டு மடங்கானது. ஆனாலும் அபாயா பிழைத்தது.

ஒரு வருடம் கழித்து, காதுக்குப் பின்னால் தோல் சிவந்து வெடித்தபோதுதான் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனான். டொக்டரம்மா இரண்டு விரலால் முடியைப் பிரித்துப் பார்த்தார்.

"தலை ஊத்தையால வந்ததில்லங்க இது. தோல்ல உள்ள வியாதி. யாருக்கும் ஒட்டாது. ஆனா முழுசாப் போகவும் மாட்டாது. அடக்கி வச்சிக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு டொக்டர்?"

"உங்களுக்கு எத்தன வயசு வரைக்கும் இருக்க ஆசை?"

மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு இரண்டு நாள்; போட்டதும் கழுவாமல் ஐந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும்; எண்ணெய் கூடாது; குளிருக்கும் கவலைக்கும் கூடும் என்றார். கடைசியாக மேசையில் இருந்த தொப்பியைப் பேனாவால் தொட்டார்.

"இத நாள் முழுக்கவா போடுறீங்க? கழட்டுங்க. காத்துப் படட்டும்."

ஷாம்பு போடலாம், எண்ணெயை விடலாம். தொப்பியைத்தான் கழற்ற முடியாது. அதற்குள் அந்தத் தொப்பி அவனைக் கேட்காமலேயே அவனுக்கு ஒரு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது.

தொழும்போது போட்டு, பள்ளிவாசல் படி இறங்கியதும் மடித்துப் பையில் வைப்பதுதான் அங்குள்ள வாலிபர்களின் வழக்கம். றில்வானோ கிரிக்கெட் விளையாடும்போதும் தொப்பியோடு பந்து வீசினான். பெண் வாடிக்கையாளர்கள் வந்தால் இரண்டு அடி தள்ளி நின்றான். தொப்பியை மீறியும் துணியில் கொட்டிவிடுமோ என்று தோளையே பார்த்துத் தலை குனிந்து பேசினான். ஊர் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. என்ன மார்க்கப் பேணுதல், என்ன வெட்கம், பார்வையைத் தாழ்த்தித்தான் பேசுவார்! பள்ளிவாசலில் வயதானவர்கள் நகர்ந்து அவனுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு தாய் காய்ச்சல்காரக் குழந்தையையும் ஒரு போத்தல் தண்ணீரையும் கடைக்கே கொண்டுவந்து ஓதி ஊதச் சொன்னார். பயந்துபோய்த் தெரிந்ததை ஓதி ஊதினான். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுத் தொலைத்தது. மறுநாள் நான்கு போத்தல் வந்தன.

பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டு வருவது அங்கு வழக்கம். பசறையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் இப்றாஹீம் ஹாஜியார் தன் மகள் றின்ஸாவுக்காகக் கேட்டு வந்தார். றில்வானுக்கு அவளைத் தெரியும். கணக்கு டீச்சரான றின்ஸா ஒவ்வொரு பெருநாளுக்கும் அவன் கடைக்கு வருவாள். அரை மணி நேரம் விலை பேசிச் சிரித்து, அவன் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டு போவாள். இரண்டு வருடமாக அவன் அந்த அரை மணி நேரங்களை வைத்துக்கொண்டுதான் வாழ்ந்தான்.

"தொப்பி மட்டும் நிக்காஹ் வரைக்கும் தலைய விட்டு எறங்கப்படாது" என்றாள் அவன் மூத்த சகோதரி ஸஜீதா. வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டில் சட்டம் போடுவது அவள்தான். "அதுக்குப் பொறகு நீ மொட்ட அடிச்சாலும் எனக்குக் கவல இல்ல."

"தாத்தா, இது பொய் தானே?" அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"நீ வாயத் தொறந்து என்ன பொய் சொன்ன? எல்லாம் தொப்பி தானே சொன்ன."

ஞாயிற்றுக்கிழமை பசறைக்குப் போனார்கள். இனிப்புக்கு வட்டிலாப்பம் வந்தது. இப்றாஹீம் ஹாஜியார் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மகன், மார்க்கப்பற்று உள்ள புள்ளைக்குத்தான் குடுக்கணுமெண்டு இவ்வளவு நாள் பொறுத்தன். வாற மாசம் எங்கட பள்ளில வாலிபர்களுக்கு நீங்க ஒரு பயான் செய்யணும். நிர்வாக சபைக்குச் சொல்லிட்டன்."

றில்வானின் உச்சந்தலையில் அரிப்பு ஆரம்பித்தது. பள்ளியில் எழுந்து நின்று பிரசங்கம் செய்வதை நினைத்ததும் அது பின்பக்கமாக இறங்கிக் காதுகளைச் சுற்றி வந்தது.

பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் பத்து நிமிடம் பேசட்டும் என்று ஹாஜியார் எழுந்து போனார். ஸஜீதா வாசல் திரையோரம் கதிரை போட்டு, போனைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

றின்ஸா எதிரே அமர்ந்தாள். கடையில் பார்த்த சிரிப்பு இல்லை.

"ஒங்களுக்கு மொகத்துக்கு நேரே சொல்றதுதான் மரியாத. நான் வாப்பாக்கிட்ட வேணாமெண்டு சொல்லப் போறன்."

அரிப்புகூட ஒரு நொடி நின்றது. "ஏன்?"

"நீங்க நல்ல மனிசன். மிச்சம் நல்ல மனிசன். அதுதான் பயம். நான் பஸ்ஸில பாட்டுப் பாடுற ஆள். சத்தமாச் சிரிப்பன், படம் பார்ப்பன், சுபஹுத் தொழுகைக்கு அலாரம் அஞ்சு தரம் அடிக்கணும். நீங்க என்னய நிமிர்ந்துகூடப் பார்க்கிறல்ல. மகான் மாதிரி ஒரு அவுலியாவோட எப்படிச் சண்ட பிடிக்கிற?"

"சண்ட பிடிக்கணுமா?"

"பின்ன? ஆயுசு முழுக்க எப்படிப் பொழுது போறது?"

ஸஜீதா திரைக்கருகில் இருமினாள். அது இருமல் அல்ல, கட்டளை. றில்வான் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். ஒரு வருடமாக அடக்கி வைத்த ஆசையோடு, பத்து விரலாலும், கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சொறிந்தான்.

கண்ணைத் திறந்தபோது தோள் இரண்டும் வெளுத்திருந்தன. றின்ஸா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"யா அல்லாஹ். இது என்ன, இடியப்ப மா சலிச்ச மாதிரி?"

"பொடுகு. தோல் வியாதியெண்டு டொக்டர் சொன்னாங்க. ஒட்டாது. ஆனா சாகும்வரைக்கும் வந்து வந்து போகும். குளிர் காலத்தில கூடும். வாப்பாக்கும் இருந்திச்சு."

"தொப்பி?"

"இதுக்குத்தான்."

"தள்ளி நிண்டது?"

"ஒங்கட அபாயால கொட்டும்."

"குனிஞ்சி பேசினது?"

"கொட்டியிருக்கா எண்டு பார்த்தது. நிமிர்ந்தும் பார்த்திருக்கன். நீங்க வாசலத் தாண்டின பொறகு."

றின்ஸா சிரித்தாள். கடைச் சிரிப்பு அல்ல. சமையலறையில் யாரோ பாத்திரத்தைக் கீழே போடுமளவுக்குச் சிரித்தாள். சத்தம் கேட்டு ஹாஜியார் ஓடிவந்தார். தொப்பி மடியில், தலை விரிந்த காடு, தோளெல்லாம் வெள்ளை.

"மகன்... என்ன இது?"

"வாப்பா, மாப்பிள எனக்கு ஓகே" என்றாள் றின்ஸா.

"நீ உள்ளுக்குப் போ." அவர் றில்வானைப் பார்த்தார். "சொல்லுங்க."

றில்வான் எல்லாவற்றையும் சொன்னான். ஷாம்பு, வெங்காயம், நான்கு போத்தல் தண்ணீர் எதையும் விடவில்லை. "அஞ்சு வக்தும் தொழுவன் ஹாஜியார். சுபஹ் சில நாள் பிந்தும். அதுக்கு மேல என்கிட்ட ஒண்டும் இல்ல. பயானுக்கு வேற ஆளப் பாருங்க. நான் முந்தியே சொல்லியிருக்கணும். ஒங்கட மகள் கெடைக்குமெண்டு சொல்லாம இருந்திட்டன்."

ஹாஜியார் தொப்பியையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு அவுலியாவைக் கேட்டுப் போய், பொடுகோடு ஒரு துணிக்கடைக்காரனைக் கொண்டுவந்த மனிதரின் வருத்தம் முகத்தில் இருந்தது.

"நிர்வாக சபைக்கு நான் என்னத்தச் சொல்ற?"

"நானே வந்து சொல்றன்."

"தலையக் காட்டியா?"

"காட்டச் சொன்னா காட்டுறன்."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வேணாம். பள்ளி விரிப்பெல்லாம் போன மாசம்தான் கழுவின." கதிரையை இழுத்து உட்கார்ந்தார். முன்பைவிட ஒரு அடி தள்ளித்தான். "சரி. வாய் திறந்து உண்மையச் சொல்லிட்டீங்க. டிசம்பர் மொதல் கிழமை நாள் எடுப்பம்."

றில்வான் தயங்கினான். "ஹாஜியார், டிசம்பர் குளிர். மிச்சம் கூடிப்போகும். மார்ச் மட்டும் பொறுத்தா, ஷாம்பு போட்டு ஓரளவு..."

கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லும் மாப்பிள்ளையை ஹாஜியார் அன்றுதான் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள் சமையலறைப் பக்கமிருந்து கணக்கு டீச்சரின் குரல் வகுப்பு நடுவில் கேட்பதுபோல் கேட்டது.

"வாப்பா, டிசம்பர்தான்! கொட்டினாக் கொட்டட்டும், கல்யாணத்துக்கு நான் வெள்ள உடுப்புத்தானே உடுக்கிற!"