செவ்வாய்க்கிழமை நட்சத்திரம்

சலாத்திகாவில் எங்கள் வானநோக்குக் குழு சனிக்கிழமை மாலைகளில் பாக் சுவோந்தோ வீட்டு மொட்டைமாடியில் கூடும். கழுகு மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வீங்கிச் சுருங்குகிறது, அதனால் ஒளி கூடிக் குறைகிறது. அதை அளக்கக் கருவி வேண்டாம். அருகே மாறாத நட்சத்திரங்கள் இரண்டு, ஒன்று பளிச்சென்று, மற்றது மங்கலாக. நம்முடையது எதற்கு நெருக்கம் என்று பார்த்து எண் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறை கூடிக் குறைய அதற்கு ஏழு நாளும் கொஞ்சமும் ஆகும்.

"வாரத்துக்கு ஒரு சுத்துன்னா, வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தா போதும்," என்றார் நாங்கள் பாக், அதாவது ஐயா, என்று கூப்பிடும் எங்கள் தலைவர் சுவோந்தோ. நாங்களும் தலையாட்டினோம். ஒரு மாதமாகச் சனிக்கிழமைதோறும் மங்கல்தான். வரைபடத்தில் தட்டையாக ஒரு கோடு.

லாஸ்திரி மட்டும் தன் வீட்டு முற்றத்திலிருந்து செவ்வாய், புதனிலும் பார்த்து எண் அனுப்பினாள். அவை கோட்டுக்கு மேலே எங்கோ நின்றன.

"முதல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு," என்றார் பாக். " அடுத்த ஞாயிறு வரைபடம் மாநிலச் சங்கத்துக்குப் போகுது. உன் புள்ளியெல்லாம் எடுத்துட்டேன்."

"ஒரு செவ்வாய்க்கிழமை மேல பாருங்களேன், பாக்."

"செவ்வாய்க்கிழமை எனக்கு பாட்மின்டன்."

அவள் வாதாடவில்லை. செவ்வாய் மாலை தன் மோட்டார் பைக்குக்குச் சலாமத்தான், புதுப் பொருள் வாங்கினால் பிரார்த்தனை செய்து போடும் விருந்து, என்று எல்லோரையும் அழைத்தாள். மஞ்சள் சோறு, முழுக்கோழி.

"அந்த பைக் வாங்கி மூணு வருஷமாச்சே," என்றேன்.

"அப்போ மறந்துட்டேன், அண்ணே."

சலாமத்தானுக்கு அழைத்தால் போகாமலிருக்க முடியாது. கோழி வேறு. பாக் வந்துவிட்டார். பிரார்த்தனை முடிந்ததும் முற்றத்து விளக்கு அணைந்தது.

"விளக்கு எங்கம்மா?"

"பூச்சி வருது, பாக்."

கோழிக்காலைக் கடித்து இழுத்தவரின் முகம் தானாக வானத்தைப் பார்த்தது. மெல்லுவது நின்றது.

"லாஸ்திரி, அது நம்ம நட்சத்திரமா?"

"எது பாக்? நான் சோத்தைப் பார்த்துட்டிருக்கேன்."

மங்கலான அண்டைவீட்டு நட்சத்திரத்தை விட்டுவிட்டு, பளிச்சென்ற அண்டைவீட்டுக்காரனையே மிஞ்சி நின்றது எங்கள் நட்சத்திரம். சந்தை நாளில் மட்டும் வருகிறவன், இந்த ஊரில் தினமும் சந்தை என்பான். நாங்கள் ஒரு மாதமாக அதையேதான் செய்திருந்தோம். வாரம் ஒரு சுற்று, வாரம் ஒரு பார்வை: ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் அதைப் பிடித்தோம்.

பாக் கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடி மேலே பார்த்தார்.

"உன் புள்ளியெல்லாம் திரும்பப் போட்டுடறேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "சனி இருக்கு, செவ்வாய் இருக்கு, புதனும் இருக்கு. புதனுக்கும் சனிக்கும் நடுவுல ஒளி இறங்குற இடம்தான் காணோம்."

லாஸ்திரி அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"வியாழக்கிழமை எங்க வீட்டுத் தண்ணி மோட்டாருக்குச் சலாமத்தான்," என்றார் பாக். "எல்லாரும் வந்துடுங்க. விளக்கு இருக்காது."