அவுதக்குட்டியின் இரண்டு படங்கள்

கோட்டயத்தில் ஒருவர் இறந்தால் முதலில் பாதிரியாருக்குச் சொல்வார்கள், அடுத்தது பத்திரிகைக்கு. பத்திரிகைக்குப் போகும் படம் ஈப்பனின் கைக்கு வரும். சரமப் பக்கத்தில், அதாவது மரண அறிவிப்புப் பக்கத்தில், வருகிற இறந்தவர்களின் முகங்களைத் திருத்துவதுதான் அவருடைய உத்தியோகம். வீட்டார் அனுப்புவது எப்போதும் யாருடைய கல்யாணத்திலோ எடுத்த படமாக இருக்கும். பக்கத்தில் நின்றவனின் கையைத் தோளிலிருந்து எடுப்பார். சட்டையில்லாதவருக்குச் சட்டை மாட்டுவார். சரிந்த தோளை நிமிர்த்தி, மச்சத்தை அழித்து, பாதி மூடிய கண்ணைத் திறந்துவிடுவார். உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் இத்தனை ஒழுங்காக இருந்திராத மனிதர்கள் மறுநாள் காலை வெள்ளைப் பின்னணியில் வரிசையாக நிற்பார்கள். ஊரே கட்டஞ்சாயாவோடு அவர்களைப் பார்க்கும்.

ஆனால் ஈப்பனைக் கேட்டால் தான் ஓவியன் என்பார். உத்தியோகம் சோற்றுக்காம். சின்ன வயதில் அவர் போன தேவாலயத்தின் சுவரில் சொர்க்கமும் நரகமும் வரைந்திருந்தார்கள். சொர்க்கத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே முகம். நரகத்தில் எரிந்தவர்களோ கடைத்தெரு ஆட்களைப் போலவே இருந்தார்கள். ஒருவனுக்கு மூக்கு கோணல், இன்னொருவன் எரிகிறபோதும் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். பையன் பூசை முழுக்க நரகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படி வரைய வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த ஆசை அவரை விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையில் உட்கார்ந்து வரைவார்.

மனைவி சோசம்மாவை வரைய மட்டும் அவளே விடவில்லை.

"உங்க கை பட்டவன் எவனும் மறுநாள் எந்திரிச்சதில்ல இச்சாயா. என்னை விட்டுருங்க."

ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது நூலக மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைக்க அவருக்கு இடம் கிடைத்தது. முதல் கண்காட்சி. இதுவும் சரிவரவில்லையென்றால் இனித் தன்னை ஓவியன் என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை என்று சோசம்மாவிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அக்கம்பக்கத்து ஆட்களைத்தான் வரைந்திருந்தார், அவர்களுடைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு. எல்லாப் படமும் ஒரே அளவு. வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர், வீட்டுப் பெயர், வயது என்று எழுதினார். படங்களை வேறு மாதிரி மாட்டலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வந்தவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். ஒரு வயதான அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஈப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், எல்லாரும் ஒரே விபத்திலா என்று கேட்டார்.

அப்போதுதான் ரப்பர் வியாபாரி அவுதக்குட்டி உள்ளே வந்தார். முன்னால் ஒரு தங்கப் பல், எந்நேரமும் தொங்குகிற இடது இமை, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். அவரைக் கண்டதும் சிலுவை போட்ட அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவுதக்குட்டி தன் படத்தின் முன்னால் நின்றார். அதில் இரண்டு கண்ணும் சமமாகத் திறந்திருந்தன. வாய் மூடியிருந்தது.

"ஈப்பா, நான் செத்தா முதல்ல என் பொண்டாட்டிகிட்ட சொல்லணும்டா." மறுபடி படத்தைப் பார்த்தார். "இது நான் இல்ல. என்னைப் புதைக்கிறப்போ பாதிரியார் ஒருத்தனைப் பத்திப் பேசுவாரே, அவன் இது."

ஈப்பனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. அன்று மாலையே படங்களைக் கழற்றினார். தூரிகைகள் பரண் ஏறின.

அடுத்த ஞாயிறு அவுதக்குட்டி தானாகவே கொட்டகைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உயிரோடதான் உக்காந்திருக்கேன். பாத்து வரை."

மனுஷன் ஒரு இடத்தில் அடங்கி உட்காரவில்லை. ரப்பர் விலையைத் திட்டினார், மருமகனைத் திட்டினார், சோசம்மா கொடுத்த கப்பைக்கிழங்கையும் மீன் கறியையும் தின்றுகொண்டே இரண்டையும் திட்டினார். ஈப்பனின் கை பழக்க தோஷத்தில் இடது இமையைத் தூக்கப் போகும். சமையலறை ஜன்னலிலிருந்து சோசம்மா குரல் கொடுப்பாள்.

"கண்ணைத் தொறக்காதீங்க. அது அப்படித்தான் கெடக்கும்."

படம் முடிய மழைக்காலம் வந்துவிட்டது. அவுதக்குட்டி அதைப் பார்த்தார். "இவனைக் கண்டா எனக்கே ஆகாது," என்று சொல்லிச் சந்தோஷமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். வேறு யாரும் வந்து உட்காராததால் தூரிகைகள் மறுபடி பரண் ஏறின.

மறு மழைக்காலத்தில் அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மாலையில் மகன் பத்திரிகைக்குப் படம் அனுப்பினான். புகைப்படம் இல்லை, அந்த ஓவியத்தைக் கைப்பேசியில் பிடித்தது. வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்று அப்பச்சன் சொல்லி வைத்திருந்தாராம்.

ஈப்பன் அதைக் கணினியில் திறந்தார். அழுகை வந்தது, அழுதார். பின்னணியை வெள்ளையாக்கினார், அது பக்கத்தின் சட்டம். பிறகு கை இமைக்குப் போயிற்று. அதையும் திருத்தச் சொல்வதுதான் சட்டம். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பக்கப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "பல்லு தெரியுது சேட்டா. வாயை மூடுங்க."

"அது மூடாது," என்றார் ஈப்பன். அப்படியே அச்சுக்கு அனுப்பினார்.

மறுநாள் பொறுப்பாளர் அவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். விடிந்ததிலிருந்து தொலைபேசி ஓயவில்லையாம், அவுதக்குட்டி வீட்டிலும் இதே கதையாம். என்ன புகார் என்று ஈப்பன் கேட்டார்.

"உயிரோட இருக்கிற மனுசனை எதுக்குடா போட்டீங்கன்னு கேக்குறாங்க. எல்லாரும் இதையேதான்."

ஈப்பன் மன்னிப்புக் கேட்டார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது அன்றைய சரமப் பக்கம் மேசை மேல் விரித்தபடி கிடந்தது. மற்ற நாட்களில் அதில்தான் மீன் செதில் பொதிந்திருக்கும். சோசம்மாவைக் காணவில்லை. கொட்டகையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், சமையல் புடவையோடு. தூரிகைகள் பரணிலிருந்து இறங்கியிருந்தன.

"மூக்குக்குப் பக்கத்துல மச்சம் இருக்கு," என்றாள். "அழிச்சிராதீங்க."