ராக்கெட்டின் தகப்பன்

காமராஜுக்கு மைத்துனன் பிரபாகரன் மேல் இருந்த பொறாமைக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பிரபாகரனின் அச்சகத்தில் லேபிள் பளிச்சென்று விழுந்தால் பொறாமை. அவன் வீட்டு ரசம் நன்றாக இருந்தால் அதற்கும் பொறாமை. குதிரை என்று வந்துவிட்டாலோ மனுஷனுக்குச் சோறு இறங்காது.

மல்லாங்கிணறு பக்கம் மாமனார் தன் மகளுக்கும் மகனுக்கும் பிரித்துக்கொடுத்த நிலம் இருந்தது. நடுவில் ஐந்தடி மதில். இந்தப் பக்கம் காமராஜின் பெட்டைக் குதிரை குயின். சென்னை ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற அசல் தரோபிரெட், பந்தயத்துக்கென்றே வளர்க்கிற இனம். அந்தப் பக்கம் பிரபாகரன் புனேயிலிருந்து கொண்டுவந்த அரபிப் பொலிக்குதிரை அமீர். சிவகாசியில் பட்டாசு கம்பெனி நடத்துகிறவருக்கும் அச்சகம் நடத்துகிறவருக்கும் குதிரை எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தடை தாண்டும் போட்டிக்காகக் குதிரையேற்றம் படித்தார்கள். அப்பாக்களுக்கு அந்தச் சாக்கு போதுமாக இருந்தது.

"தாண்டுறதுக்கு நீளக் காலும் பாய்ச்சலும் வேணும் மாப்ள. அது தரோபிரெட் ரத்தத்துல மட்டுந்தான் இருக்கு. உன் அரபி பேரீச்சம்பழம் சுமக்கத்தான் லாயக்கு" என்பார் காமராஜ்.

பிரபாகரனுக்குக் கோபமே வராது. "நீங்க சொல்றீகளே அத்தான், அது வாஸ்தவம். கால் உங்க குதிரைக்குத்தான். ஆனா ஒரு தடையத் தாண்டி இறங்கினதும் அடுத்ததுக்குள்ள உடம்பச் சுருக்கணும்ல, சட்டுனு திரும்பணும்ல? குளம்பும் தாங்கணும். அதுக்கு அரபிதான். ரெண்டும் கலந்தா அம்புட்டு நல்லாருக்கும்."

இந்த 'ரெண்டும் கலந்தா' பேச்சுதான் காமராஜுக்கு ஆகாது. தன் குதிரையில் அவன் பங்கு கேட்பதாகவே அவருக்குப் பட்டது. கேட்டு முடிப்பதற்குள் முந்திக்கொண்டு, குயினை லாரியில் ஏற்றி ஓசூர் பக்கம் ஒரு பண்ணைக்கு அனுப்பி, அங்கிருந்த தரோபிரெட்டோடு சேர்த்துக் கூட்டிவந்தார். குயின் சினையாகிவிட்டது என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லி முடித்தார்.

அடுத்த மாதம் வடநாட்டு வியாபாரிகள் புது ரக வாணவெடிக்குச் சாம்பிள் பார்க்க வந்தார்கள். சாம்பிள் விடுவதற்கென்றே வெம்பக்கோட்டைப் பக்கம் கம்பெனிக்குப் பொட்டல் காடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவர்களை மல்லாங்கிணறுக்கு அழைத்துப்போனார் காமராஜ். வெடிச்சத்தம் பழகிய குயின் அசையாமல் நிற்க, அரபி வெலவெலத்துப்போவதை நாலு பேர் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பிரபாகரன் காதில் போட வேண்டும். அம்புட்டுத்தான் ஆசை. சாயங்காலம் மதிலோரமாகவே குழாயை நட்டுப் பற்றவைக்கச் சொன்னார்.

வாணம் வெடித்தது. மிரண்ட அமீர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே மதிலை நோக்கி ஓடிவந்தது. குளம்பு ஒரு கல்லிலும் படாமல் அப்படியே தாண்டி இந்தப் பக்கம் இறங்கியது. வியாபாரிகள் வானத்தை விட்டுவிட்டுக் குதிரைக்குக் கைதட்டினார்கள். காமராஜுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. டீ சாப்பிடலாம் என்று அவர்களை அவசரமாகக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வந்தபோது குதிரை பார்க்கும் பாண்டி கையில் கயிற்றோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மொதலாளி, ஓசூருல குயினுக்குச் சினை பிடிக்கல போல. பருவத்துல நின்னிருக்கு. நான் அமீரப் பிடிக்கதுக்குள்ள..."

"இங்கன ஒண்ணும் நடக்கல. வாயத் தெறந்தே, வேலையில இருக்க மாட்ட!"

பாண்டி வாயைத் திறக்கவில்லை. ஆனால் குட்டி பிறந்ததும் அதன் மூஞ்சியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நெற்றிக்குக் கீழே குழிந்த முகம், ஓடும்போது தூக்கிப் பிடித்த வால். "ஏங்க, எங்க தம்பி குதிரைச் சாடையா இருக்கே?" என்று கேட்ட மனைவி பொன்னுத்தங்கத்துக்கு அன்று முழுக்கத் திட்டு விழுந்தது. பிரபாகரன் வந்து வெகுநேரம் பார்த்தான். "நல்ல குட்டி அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். பிரசவத்தில் மிகவும் சிரமப்பட்டுவிட்ட குயின் இனிக் குட்டி போடாது என்றார் டாக்டர். ஆக, குயினின் வழிக்கு, ராக்கெட் என்று பெயர் வைத்த இந்த ஆண்குட்டி ஒன்றுதான்.

ராக்கெட் வளர்ந்து மகள் பிரீத்திகாவைச் சுமந்து தடை தாண்ட ஆரம்பித்தது. கோயம்புத்தூர்ப் போட்டியில் ஒரு கட்டைகூட விழாமல் ஜெயித்தது. நடுவராக வந்திருந்தவர் தட்டிக்கொடுத்து, "கால் தரோபிரெட், சுதாரிப்பு அரபி. தகப்பன் யாரு?" என்று கேட்டார்.

"ஓசூர் தரோபிரெட்" என்றார் காமராஜ். நடுவர் சிரித்தேவிட்டார். பக்கத்தில் நின்ற பிரபாகரன் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவன் மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கோப்பையை வீட்டில் வைத்த பிறகும் அதில் பாதி பிரபாகரனுடையது என்றே தோன்றி, காமராஜால் அதை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பிறகு அங்கங்கே இருந்து ராக்கெட்டைப் பொலிக்குக் கேட்டு ஆள் வரத் தொடங்கியது. காமராஜ் யோசித்துப் பார்த்தார். பிறக்கிற ஒவ்வொரு குட்டியும் அமீர் மூஞ்சியோடு, அமீர் வாலோடு வந்து நிற்கும். ஊரே பிரபாகரன் குதிரையின் வம்சம் என்று கொண்டாடும். நினைக்கவே அவருக்கு எரிந்தது. மதுரையிலிருந்து டாக்டரை வரச்சொல்லிவிட்டார்.

"போட்டிக் குதிரைக்குக் காயடிச்சாத்தான் அடக்கமா நிக்கும்" என்று வீட்டில் சொன்னார்.

"மொதலாளி, குயினுக்கு இது ஒண்ணுதானே..." என்று இழுத்தான் பாண்டி.

"நீ கயித்தப் பிடி."

காலையிலேயே வேலை முடிந்தது. டாக்டர் கொட்டடிக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தபோது பிரபாகரனின் கார் வந்து நின்றது. கையில் இனிப்புப் பெட்டியோடு இறங்கி வந்தான்.

"அத்தான், ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். அமீருக்கு வயசாயிருச்சு. எங்கிட்ட மூணு அரபிப் பெட்டை நிக்குது. ராக்கெட்ட விட்டுக் குடுங்க. பொறக்கிற குட்டிக்கெல்லாம் குயின் பேரத்தான் முன்னால போடுவேன்."

காமராஜின் கண் கொட்டடிப் பக்கம் போனது.

"தகப்பன் யாருன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அதுல என்ன பெருமை இருக்கு? தலையும் வாலும் எந்த அரபிக்கும் வரும். அந்தக் கால் வராது அத்தான். அந்தக் கால் நம்மகிட்ட இல்லையேன்னு இத்தனை வருசமா உங்க மேல பொறாமைப்பட்டுக் கெடக்கேன். வெளிய சொல்ல வெக்கமாயிருந்துச்சு, சொல்லல."

எத்தனையோ வருஷமாகக் காமராஜ் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. அவன் வாயாலேயே வந்துவிட்டது.

"எங்க ராக்கெட்டு? உள்ளயா இருக்கு?" என்று பிரபாகரன் கொட்டடியை எட்டிப் பார்த்தான்.

டாக்டர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எந்திரிச்சு நின்னுருச்சு சார். ஒண்ணும் பயமில்ல, ரெண்டையும் சுத்தமா எடுத்தாச்சு."

பிரபாகரன் டாக்டரைப் பார்த்தான், பிறகு காமராஜைப் பார்த்தான். இனிப்புப் பெட்டியைப் பாண்டி கையில் கொடுத்துவிட்டுக் காருக்குத் திரும்பி நடந்தான். தன்னிடம் அவன் பொறாமைப்பட இனி ஒன்றுமில்லை என்பது காமராஜுக்குப் புரிந்தது.