லக்சிகாவின் தலைமுடிக்கு ஒரு காரணம்

1

இந்தக் கதை களவெடுத்தது. பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில், ரூ பெர்தொனேயில் அஜந்தாவின் தையல் கடையில் என் சேலைச் சட்டைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் நடந்ததைக் காது கொடுத்துக் கேட்டேன். அதற்கு முன் என்னிடம் வேறொரு கதை இருந்தது. நூறு வருடத்துக்கு முந்திய பாரிஸில் பெண்கள் கூந்தலை வெட்டி, பாவாடையை முழங்கால்வரை ஏற்றிய காலத்தை வைத்து எழுதித் தரும்படி ஓர் ஆண்டு மலர்க்காரர் கேட்டிருந்தார். பாரிஸில் இருக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியும் என்று அவருக்கு நினைப்பு. நான் இருப்பது பாரிஸுக்கு வெளியே, லா கூர்னெவில்.

எழுதிய தொடக்கங்கள் இவை:

1925. ஆலீஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். கண்ணாடியில் அவளுடைய

(அவளுடைய என்ன? கண்கள் என்று எழுதப் போனேன். எனக்கே வெட்கமாக இருந்தது.)

ஆலீஸின் தகப்பன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சூப் ஆறி

(அந்தத் தகப்பன் என்ன சூப் குடித்தான் என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.)

2

லக்சிகா எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை, இங்கே பிறந்தவள். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை. ஆவணியில், பக்கத்து ஊரான திரான்சிப் பெடியன் துஷ்யந்தனோடு கலியாணம். இடுப்புவரை இருந்த முடியைக் காதோடு வெட்டிக்கொண்டு, கையில் 1925ஆம் ஆண்டுப் படம் ஒன்றோடு அஜந்தாவிடம் வந்தாள். வரவேற்புக்கு அந்த உடுப்பு வேண்டுமாம். தோளிலிருந்து நேரே விழுகிற சட்டை.

அஜந்தா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இடுப்பில்லாத சட்டைக்கு நான் அளவை எங்கையடி எடுக்கிறது?"

உடுப்பால் பிரச்சினை வரவில்லை. வரவேற்பில் எதையும் உடுக்கலாம் என்று எங்கள் சனம் ஒத்துக்கொண்டு கனகாலம். மணவறைதான் வேறு. அங்கே கூறைச்சேலையும் பூ வைத்த நீளச் சடையும் வேண்டும்.

3

படத்தோடு கடைக்கு வந்த அந்தச் சனிக்கிழமை லக்சிகாவை லா சப்பலில் கண்டவர்கள் யாரும் அதை ஸ்டைல் என்று நினைக்கவில்லை. நல்ல முடி இருந்த பிள்ளை முடியில்லாமல் போனால் அது புற்றுநோய்தான். மரக்கறிக் கடையில் தொடங்கிய பேச்சு பொழுதுபடுவதற்குள் திரான்சிக்குப் போய்விட்டது. துஷ்யந்தனின் தாய், லக்சிகாவின் தாய் ஜெகதீஸ்வரிக்குப் போன் எடுத்தார். பிள்ளைக்கு என்ன வருத்தம், புற்றுநோயோ, ஏன் எங்களுக்கு மறைத்தீர்கள் என்று கேட்டார். ஜெகதீஸ்வரி யோசிக்கவே இல்லை. பிள்ளையாருக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டார்.

(நேர்த்திக்கு மொட்டை அடிப்பார்கள். நெற்றியில் அளவெடுத்து, காதோரம் வளைத்து வெட்டமாட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.)

இந்த இடத்தில் ஜெகதீஸ்வரியைக் கெட்டவளாக்கியிருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் பிறகு மகளோடு அஜந்தாவின் கடைக்கு வந்தபோது அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"வருத்தமெண்டு விட்டாலும் கலியாணம் நிக்கும். ஸ்டைலெண்டாலும் நிக்கும். நேர்த்தியெண்டா ஆரும் வாய் திறக்கேலாது."

லக்சிகா பிரெஞ்சில் தாயோடு சண்டை பிடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

"வருத்தமெண்டா டொக்டரின்ர தலை. நேர்த்தியெண்டா பிள்ளையாரின்ர தலை. என்ர தலை எப்ப?"

4

துஷ்யந்தன் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம். முடி வெட்டிய படத்தை லக்சிகா அனுப்பியதும் இதயக் குறி போட்டவன் அவன். உண்மையைத் தன் தாயிடம் சொல்லும்படி அவள் கேட்டபோது, அம்மாவோட நீரே கதையும் என்று ஒதுங்கிவிட்டான். திருத்தித் திருத்தி அவனைப் பேசவைத்துப் பார்த்தேன். பேசும்போதெல்லாம் வேறு யாரோ போல இருந்தான். அழித்துவிட்டேன்.

ஆலீஸின் காலத்துப் பிரெஞ்சுப் பெண்கள் கூந்தலை வெட்டிய பிறகும் வாக்குரிமைக்கு இருபது வருடமளவில் காத்திருந்தார்கள். லக்சிகாவிடம் வாக்கு, சம்பளம், கடவுச்சீட்டு எல்லாம் இருக்கின்றன. தலை மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் கிடக்கிறது. எழுதுகிறவள் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

5

கூறைக்குச் சட்டை அளவெடுக்க எல்லோரும் அஜந்தாவிடம் வந்தார்கள். (என் சட்டை இன்னும் முடியவில்லை. தையல்காரரிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்?) துஷ்யந்தனின் தாய் ஒரு பையில் சவுரிமுடி கொண்டுவந்திருந்தார். அவரை நான் கடுமையான மாமியாராகத்தான் யோசித்து வைத்திருந்தேன். அவரோ லக்சிகாவின் தலையை மெதுவாகத் தடவினார்.

"என்ர பிள்ளை மோட்டச்சைக்கிளாலை விழுந்து கிடந்தானே, அதுக்கோ பிள்ளை நேர்ந்தனீ?"

போன வருடம் துஷ்யந்தன் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த மனுசியின் கண் கலங்கியிருந்தது. அஜந்தா மெஷினை நிறுத்தினாள். ஜெகதீஸ்வரி மகளைப் பார்க்காமல் துணியைப் பார்த்தார்.

முடிவு (அ): "ஓம் மாமி." இருவரும் கட்டிப்பிடிக்கிறார்கள். கலியாணம் நிற்காது. சவுரிமுடி பையிலிருந்து வெளியே வருகிறது. இனி அந்தத் தலைமுடி துஷ்யந்தனுக்காகக் கொடுத்தது.

முடிவு (ஆ): "இல்லை மாமி. எனக்கு விருப்பமாயிருந்தது, வெட்டினனான்." மாமி கையை எடுக்கிறார். பிறகு அவர்

(இதற்கு மேல் எழுதினால் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேன்.)

6

லக்சிகா பதில் சொன்னாள். நான் கேட்டேன், எழுதியும் விட்டேன். எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். அந்த வரியை எடுக்கச் சொல்லிப் போன் எடுத்தாள். மலர் ஆவணிக்கு முன் வருகிறது. லா சப்பலில் இலக்கியத்துக்காக யாரும் வாசிக்கமாட்டார்கள், ஆர் அந்தப் பிள்ளை என்று கண்டுபிடிக்க எல்லோரும் வாசிப்பார்கள்.

"நான் என்ர வாயாலை சொன்னது காணும், அன்ரி. நீங்கள் இன்னொருக்காச் சொல்ல வேண்டாம்."

எடுத்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், என்றாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கலியாணம் நடந்து, உங்களுக்கு அழைப்பும் வந்தால் போங்கள். சாப்பாட்டுக்கு முந்தி ஓடாமல் மணவறைக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். தாலி கட்டும்போது பின்னால் யாராவது ஒருத்தி அந்தச் சவுரிமுடிச் சடையைத் தூக்கிப் பிடிக்கிறாளா என்று பாருங்கள்.