பெருந்துளிகள் போன இடம்

நகரிப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று இரண்டு சர்க்காரும் இழுபறியில் கிடந்த வருஷம் அது. எந்தப் பக்கம் பெய்வது என்று மழைக்கும் குழப்பம் வந்துவிட்டது போலும். எப்போதாவது நாலு துளி, ஒவ்வொன்றும் சுண்டைக்காய் பருமனில் விழும். புழுதி அடங்குவதற்குள் வெயில் வந்துவிடும்.

அந்த நாலு துளியைப் பிடிப்பதுதான் முனிகிருஷ்ணனுக்கு உத்தியோகம். திருப்பதியில் புதிதாக முளைத்த மழை ஆராய்ச்சி ஆபீசில் ஒரு ரேடார் இருந்தது. எங்கே மழை பெய்தாலும் அதற்குத் தெரியும். எவ்வளவு பெய்தது என்று கணக்குப் போடத்தான் துளிகளின் அளவு வேண்டும். அதற்காக அவன் தட்டில் மைதா மாவைப் பரப்பி மழையில் நாலு நொடி நீட்டுவான். துளி விழுந்த இடமெல்லாம் மாவு உருண்டையாகும். காயவைத்து, சலித்து, பெரிது சிறிது பிரித்துப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும்.

ஊரே ஒருவேளைக் கூழுக்குத் திண்டாடும்போது சர்க்கார் மைதாவை வீட்டில் வைத்தால் என்ன ஆகும்? அவன் மனைவி யசோதா பெரிய உருண்டைகளைப் பொறுக்கி, உப்புப் போட்டு வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

"சின்னது பல்லுல ஒட்டிக்கினு வரமாட்டேங்குது. அத்த சர்க்காருக்கே அனுப்பிடு" என்றாள்.

அவனும் அனுப்பினான்.

இதற்கிடையில், ஊருக்குக் கஞ்சித் தொட்டி வேண்டுமென்று சித்தூர் கலெக்டருக்கு மனு போனது. எழுதியவனே முனிகிருஷ்ணன்தான். மழை பொய்த்தது என்று ரேடார் சொன்னால் தொட்டி திறப்பதாகப் பதில் வந்தது. ஆசையோடு திருப்பதிக்கு ஓடினான்.

ஆபீசர் தேவானந்தம் மெத்தப் படித்தவர். மழையில் நனைந்து மட்டும் பழக்கமில்லை.

"துளி அகலம் ரெட்டிப்பானா, தண்ணி எட்டு மடங்கு. ரேடாருக்கு மட்டும் அறுபத்துநாலு மடங்கா தெரியும். உங்க ஊர்ல பெரிய துளியே கிடையாது, நீ அனுப்பின பொட்டலம் சொல்லுது. ஆனா ரேடார் பளிச்சுனு காட்டுது. வெறும் சின்னத் துளியே அப்படித் தெரியணும்னா எத்தனை லட்சம் விழுந்திருக்கணும்! கன மழைய்யா! தொட்டி வேணாம்னு எழுதப் போறேன்."

முனிகிருஷ்ணனும் ஒரு கணக்குப் போட்டான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஊர் போகும். சொல்லிவிட்டான்.

"பெருந்துளியும் விழுந்துது சார். நாங்கதான் துன்னுட்டோம். ரேடாருக்குப் பளிச்சுனு தெரிஞ்சுது அந்த நாலு துளிதான்."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஆமா சார். பசங்க பசி தாங்கல."

தேவானந்தம் பொட்டலத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"சித்தூர் கடுதாசில இன்னொரு காரணமும் சேரு. ஒண்ணு, நல்ல மழை. ரெண்டு, அந்த ஊர்ல மைதா சாப்பிடறாங்க."