சிவப்பு அட்டை கட்டிய வண்டி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை தேடிப் போகவில்லை. வண்டி வாங்கப் போனேன். இருபத்தொன்பது வயசான பழைய ஜீப், நாலு சக்கரமும் இழுக்கும், டீசல், உள்ளே கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பேர் படுக்கப் பலகை அடித்திருக்கிறது, மேலே கூடாரம் கட்டத் தாங்கி இருக்கிறது என்று விற்பவர் விளம்பரத்தில் எழுதியிருந்தார். ஆசை விடவில்லை. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

வண்டி இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. "இயக்கக் கூடாது" என்று அச்சடித்து, அடியில் ஒரு கையெழுத்து, ஒரு போன் நம்பர்.

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அதில் வந்த வினைதான் நீங்கள் இப்போது படிப்பது.

2

தொடக்கம் எழுதுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"பனி விலகாத காலையில் அந்த வண்டி ஒரு கிழட்டு யானையைப் போல..." வேண்டாம். யானை எதற்கு? அது வண்டி மாதிரிதான் இருந்தது.

"ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்த அந்தப் பெண்மணி தன் சொந்த வாழ்க்கையில்..." இதுவும் வேண்டாம். அவர் படித்தால், "எத்தனை ஆயிரம்? கணக்கு எங்கே?" என்று கேட்பார். கேட்கக்கூடியவர்தான்.

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர் பதினோரு வண்டி பார்த்தார். பதினொன்றையும் வேண்டாம் என்றார்."

இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

3

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் சோதிக்கிற வேலை. மாடியில் மோட்டார் அறை, அடியில் குழி, நடுவில் கம்பி வடம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். முதல் சோதனையிலேயே "தகுதியானது" என்று அவர் எந்த லிஃப்டுக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே கட்டடக்காரர்கள் மேஸ்திரியைத் தேடி ஓடுவார்கள்.

அவர் வீட்டுக்காரர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அதனால் இந்தக் கதையில் அவர் பெயர் பஸ்காரர். இருபத்தாறு வருஷம் அதே பதினாலு கிலோமீட்டர், அதே பதினெட்டு நிறுத்தம். அவருக்கு ஒரே ஒரு ஆசை. தார் ரோடு முடிகிற இடத்தில் திரும்பாமல் மேலே போக வேண்டும். ஒரு வருஷம். வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, வண்டியிலேயே படுத்து, பொண்டாட்டியோடு.

"புது வண்டி எதுக்கு? அது நின்னா கம்பெனிக்காரனுக்கே காரணம் தெரியாது. பழசு நின்னா எனக்கே தெரியும்," என்பார்.

இன்ஸ்பெக்டர் சம்மதித்தார். வண்டியைத் தான்தான் சோதிப்பேன் என்ற ஒரு நிபந்தனையோடு.

முதல் வண்டியின் அடிச்சட்டத்துக்குப் புத்தம் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தது. இவர் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படுத்துத் தட்டினார். டங், டங், டங், பொத். "பொத்" வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்த, அது சுகமாக உள்ளே போய்விட்டது. உள்ளே இரும்பில்லை, துரு. விற்க வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது வண்டியின் பானட்டில் கையை வைத்தார். சுட்டது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே எதுக்குச் சூடு பண்ணி வச்சீங்க? ஆறின இஞ்சினைக் கிளப்பினா புகை கக்குமோ?" கக்கியது. ஆறாவது வண்டியில், மேட்டில் ஏறுவதற்கான குட்டி கியர் லீவர் சும்மா ஆடியதே தவிர எதையும் பிடிக்கவில்லை. நாலு சக்கரமும் இழுப்பதாகச் சொல்லி விற்க வந்த வண்டி, இரண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இதை எழுதும்போது எனக்குக் கை தட்டத் தோன்றுகிறது. நானாக இருந்தால் முதல் வண்டியையே வாங்கியிருப்பேன், தாரை எவ்வளவு நேர்த்தியாகப் பூசியிருக்கிறார்கள் என்று பாராட்டியும் இருப்பேன்.

ஆனால் கவனியுங்கள். ஒன்பதாவது வண்டி நல்ல வண்டி. பத்தாவதை ஹாரன் சத்தம் சரியில்லை என்று தள்ளினார். பதினொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் பஸ்காரர் ஒரே ஒரு சோதனைதான் செய்வார். பின்னால் ஏறிக் காலை நீட்டிப் படுத்துப் பார்ப்பார். பதினொன்றிலிருந்து இறங்கியவர் செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு நடந்தார்.

4

இப்போது பன்னிரண்டாவது வண்டியோடு மாட்டு டாக்டர் வருகிறார். இவரை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே இரண்டு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

விற்க உட்கார்ந்தவர், தன் வண்டியின் குறைகளைத் தானே பதினாலு வரியில் எழுதி வைத்திருந்தார். எந்த ஊரில் நடக்கும் இது? ஆனால் நடந்தது. வயசாகிவிட்டது, மாசக் கடைசியில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறார், அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. அதனால்தான் விற்கிறார்.

"மாடு வாயைத் திறந்து சொல்லாதும்மா. இதுவும் சொல்லாது. அதான் நானே எழுதி வச்சேன்," என்று தாளை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் அதைப் படிக்காமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். ஒன்றரை மணி நேரம். வெளியே வந்து தன் பட்டியலை அவர் பட்டியலோடு வைத்துப் பார்த்தார். பதினாலும் ஒத்துப்போயின. தன் தொழிலில் இப்படி ஒரு மனுஷனை அவர் பார்த்ததே இல்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆனால் அவரிடம் பதினைந்தாவது ஒன்று இருந்தது. முன் வலது சக்கரத்துக்குப் பிரேக் எண்ணெய் போகும் ஹோஸில் வெடிப்பு.

"இதோட எத்தனை நாளா ஓட்டுறீங்க?"

"தெரியலையேம்மா," என்றார் டாக்டர். முகம் தொங்கிவிட்டது.

அந்த நேரத்தில் பஸ்காரர் பின்னால் படுத்தபடியே தூங்கிப்போயிருந்தார். நல்ல குறட்டை. இன்ஸ்பெக்டர் போய்த் தட்டி எழுப்பி, "வேண்டாம், வாங்க போகலாம்," என்றார்.

போவதற்கு முன்னால் அந்தத் தப்பைச் செய்தார். ஆபத்தான பழுதைக் கண்டால் லிஃப்டில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும் என்பது அவர் அலுவலக வழக்கம். கட்டின கைதான் அதை அவிழ்க்கலாம். அதுவும் பழுது பார்த்து, மறுபடி சோதித்து, தகுதியானது என்று கையெழுத்துப் போட்ட பிறகு. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அட்டையும் நூலும் அவர் பையில்தான் கிடந்தன. கை தன்பாட்டுக்கு எடுத்தது, எழுதியது, கட்டியது. கட்டியது அவருக்கே தெரியாது. காலையில் வீட்டைப் பூட்டினோமா என்று உங்களுக்கு எப்போதாவது நினைவிருந்திருக்கிறதா?

வேறு யாராவது என்றால் அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு விற்றிருப்பார்கள். டாக்டர் அதைத் தொடவில்லை. (தொற்று நோய் வந்த மாட்டுக் கொட்டகை வாசலில் அவரும் இப்படி அட்டை கட்டுகிறவர். அதை யாராவது பிய்த்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.) அந்த வசவைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. அதுவரை ரொம்ப நல்லவராக இருந்தார்.

5

மூன்று வாரம் கழித்து நான் போனேன். அதற்குள் டாக்டர் பதினைந்தையும் சரிசெய்திருந்தார். கழற்றிய பழைய பாகங்களையெல்லாம் ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார்.

"அப்புறம் என்ன சார், எனக்குக் கொடுங்க," என்றேன்.

"அந்தம்மா வந்து அவிழ்க்கட்டும். அவிழ்த்து, அவங்களுக்கு வேண்டாம்னா உங்களுக்கு. வராட்டி சனிக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான்."

"போன் பண்ண வேண்டியதுதானே?"

"வேண்டாம்னு சொல்லிட்டுப் போனவங்களை எப்படிக் கூப்பிடுறது? கூச்சமா இருக்குப்பா."

எனக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. போன் போட்டேன். எடுத்தவர் பஸ்காரர்.

"ஒரு சிவப்பு அட்டை விஷயமா..."

"எந்த பில்டிங் லிஃப்டுங்க?"

"லிஃப்ட் இல்லைங்க. ஜீப்."

"அடிப்பாவி, வண்டிக்கே கட்டிட்டு வந்துட்டாளா!" என்று ஒரு சிரிப்பு. சிரித்து, இருமி, மறுபடி சிரித்து, நான் யார் என்று விசாரித்தார். சொன்னேன். "நல்லதாப் போச்சு ரைட்டர். நாளைக்கும் அங்கேயே இருங்க. கூட்டிட்டு வர்றேன்."

6

மறுநாள் இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியில் இருந்த இரண்டு மணி நேரமும் நானும் பஸ்காரரும் டாக்டர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். மேலே நான் எழுதியதில் முக்கால்வாசி அங்கே கேட்டது.

ஒன்றை மட்டும் இன்னும் எழுதவில்லை. எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பஸ்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. வீடு ஒன்பதாவது மாடி. அந்த வாரம் அந்தக் கட்டடத்து லிஃப்டில் சிவப்பு அட்டை தொங்கியது. கட்டியவர் இன்ஸ்பெக்டர்தான். ஓய்வு பெற்றவர்தான், ஆனால் குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் பார்த்து, வடத்தில் இழை பிரிந்திருக்கிறது என்று கட்டினார். சரியாகத்தான் கட்டினார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். பஸ்காரரை ஒரு நாற்காலியில் வைத்து நாலு பேர் ஒன்பது மாடி சுமந்து இறக்கினார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் போய் ஒவ்வொரு மாடியாகக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இறங்கினார்.

"ராஜா மாதிரி இறங்கினேன்," என்றார் பஸ்காரர். "ஆபரேஷன் ஆச்சு, நல்லாயிட்டேன். ஆஸ்பத்திரி டாக்டரே எங்க வேணும்னாலும் போங்கன்னுட்டாரு. இவதான் இன்னும் அந்தப் படியிலயே நிக்கிறா."

(கடைசி வாக்கியம் அவர் சொன்னதா, நான் சேர்த்ததா? நான் சேர்த்ததுதான். அவர் சொன்னது: "டீ ஆறுது, குடிங்க.")

7

இரண்டு மணி நேரம் தாண்டியும் ஆள் வெளியே வரவில்லை. சுத்தியல் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது. பஸ்காரர் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, தூங்கிட்டியா?"

"ஒண்ணும் கிடைக்கலைங்க," என்று அடியிலிருந்து குரல் வந்தது. அழுத குரல்.

"கிடைக்கலைன்னா நல்லதுதானே?"

"ஆளே இல்லாத இடத்துல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் யாரைக் கூப்பிடுவேன்? நாலு பேருக்கு எங்க போவேன்?"

பஸ்காரர் மெல்ல மண்டியிட்டு, அப்படியே படுத்து, வண்டிக்கு அடியில் அவர் பக்கத்தில் நகர்ந்து போனார். சட்டையெல்லாம் மண். நானும் டாக்டரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம், ஆனால் காது இருக்கிறதே.

"ஆகும்னா ஆகும்டி. ஒன்பதாவது மாடியிலயும் ஆச்சு. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா வீட்டுல உட்கார்ந்து அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது."

நான் வேண்டிய மட்டும் அலங்காரம் செய்து பார்த்தேன். அந்த வார்த்தைகளுக்கு மேல் ஒன்றும் ஒட்டவில்லை.

8

முடிவு என்று என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: கையெழுத்துப் போட்டு அட்டையை அவிழ்க்கிறார், ஆனால் வண்டி எங்களுக்கு வேண்டாம் என்கிறார். வண்டி எனக்கு! இதை நாலு பக்கம் எழுதினேன். பின் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். நாலாவது பக்கத்தில் பஸ்காரர் தெருவோரம் நின்று எனக்குக் கை காட்டுகிறார். அங்கே எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

இரண்டு: கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை இரும்புக்காரன் வருகிறான். வீட்டில் படித்துக் காட்டினேன். "அவங்க பயம் நியாயம்தானே?" என்றாள் என் மனைவி. நியாயம்தான். அதனால்தான் இதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை.

மூன்று: போடுகிறார், போகிறார்கள். உங்களுக்கு இதுதான் வேண்டும். எனக்கும்தான். அந்த மனுஷன் வண்டியோட்டி, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லி... ஆனால் இதை எழுத வேண்டுமானால் அவர் கையெழுத்தை நான் போட வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரே ஒரு கட்டடக்காரர் அதைப் போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டார். அந்த வரிசையில் இரண்டாவது ஆளாக நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். முகத்தைத் துடைத்தார், கையைத் துடைத்தார், டாக்டரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். நாள் எழுதினார். பழுதுகள்: இல்லை. முடிவு: என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார். பஸ்காரர் அதற்குள் உள்ளே ஏறி, பெல்ட்டையும் மாட்டி, அட்டை தொங்குகிற ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தார். தாள் இருந்தது பானட்டின் மேல். பேனா முனை ஆடியது.

"அதை ஆஃப் பண்ணுங்க. எழுத்து நடுங்குது."

பஸ்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வண்டி நடுங்குதா, நீயா?"

"ஆஃப் பண்ணுங்க, தெரிஞ்சுடும்."

அவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. டாக்டர், பஸ்காரர், நான், மூன்று பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நீங்களும் எட்டிப் பார்க்கிறீர்கள், தெரிகிறது. பாருங்கள், தப்பில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவர் எழுத வேண்டும், வெளிச்சத்தை மறைக்கிறீர்கள்.