ஏழு காலடி

உம்மாவின் அறை நீளம் ஏழு காலடி, அகலம் ஐந்து. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு ஒரு பை உடுப்போடு இந்தக் கணக்கையும் ஹாஜரா கொண்டுவந்தாள். இருபத்திரண்டு வருசம் அகதி முகாமின் தென்னோலைக் கிடுகுக் குடிசைக்குள் படுத்தும் அது மறக்கவில்லை. இப்போது நுரைச்சோலையில் ஒரு துண்டு மணல் காணி கிடைத்து, ஓர் அறையில் கல்வீடு கட்டப்போகும்போது, அதே அளவுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வீடு கட்ட வந்த மேசன் பாஸ் இன்னாசிப்பிள்ளை சிலாபத்துக்காரர்; இத்தாலியில் பல வருசம் வேலை செய்து திரும்பியவர். முதல் முளையை அடித்துவிட்டு, "நடங்க தங்கச்சி," என்றார்.

ஹாஜரா எண்ணி நடந்தாள். ஏழாவது காலடி பக்கத்துக் காணி ஜெமீலாவின் வேலியில் முட்டியது.

வேலிக்கு அந்தப்பக்கம் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஜெமீலா நிமிர்ந்தாள். "அறையா புள்ள கட்டுறாய், பள்ளிவாசலா? என்ட குசினியையும் சேத்துக் கட்டு."

ஹாஜரா திரும்பவும் நடந்தாள். அதே வேலி. அவள் முகம் விழுந்துவிட்டது. "கணக்குப் பிழைக்காது பாஸ். ஒவ்வொரு நாளும் எண்ணித்தான் உம்மாட்டப் போவன்."

இன்னாசிப்பிள்ளை பையிலிருந்து ஓர் அடி நீள மடக்குக் கோல் ஒன்றை எடுத்து விரித்தார். பழைய ரோமாபுரி மேசன்மார் இடுப்பில் செருகித் திரிந்த வெண்கலக் கோலின் நகல். ரோமில் ஒரு நூதனசாலை வாசலில் வாங்கியது. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் அவர்களுடைய தூக்குக்குண்டும் மூலைமட்டமும் இருந்தன. தன் பையில் கிடப்பவை போலவே இருந்ததைக் கண்டு அன்றைக்கு நெடுநேரம் அங்கேயே நின்றாராம்.

"ஆளுக்கு ஆள் கால் வேற எண்டுதான் அவங்கள் அடியை வெண்கலத்தில செய்து வச்சாங்கள். நீங்க எண்ணினது எத்தின வயசில?"

"ஆறு."

அவர் சிரிக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் ஒரு காலடிக்கு ஒன்றரைக் கோல் என்று வைத்து மணலில் அளந்தார். நாலு மூலையிலும் முளையடித்து, மூலைமட்டம் பிடித்து நூல் கட்டினார்.

ஹாஜரா நூலைத் தாண்டி உள்ளே போனாள். நாலு எட்டில் அறை முடிந்துவிட்டது. அவள் மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அந்த மூலை முளை கொஞ்சம் தூரப் போனதுபோல் தெரிந்தது. அங்கேதான் உம்மாவின் தையல் மெசின். இந்தப் பக்கம் பாய்.

"இதுதான்," என்றாள்.

"மூண்டு பிள்ளையளோட அஞ்சு பேர் எல்லோ படுக்க வேணும். நூலை வேலி வரைக்கும் இழுக்கட்டா, இப்பிடியே விடட்டா?"

அவள் மணலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"வேலி வரைக்கும் இழுங்க பாஸ்," என்றாள் கடைசியில். "இந்த நூலை மட்டும் அசர் தொழுகைக்குப் பிறகு அவிழுங்க. அதுவரைக்கும் இதுக்குள்ள இருக்கன்."

இன்னாசிப்பிள்ளை கோலை மடக்கிவிட்டு, ஜெமீலாவிடம் தேத்தண்ணி கேட்கப் போனார்.